அருள்புரம் வேறு ஊர்

பாஸ்டரம்மாவை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் கம்பெனி வாசலில், செக்யூரிட்டி அறைக்கு முன்னால். ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தக்கூட இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே செக்யூரிட்டியோடு வாதாடிக்கொண்டிருந்தார். பஸ் விடுகிற ஆளை வரச் சொல்லுங்கள், பார்க்காமல் போகமாட்டேன் என்றாராம். அந்த ஆள் நான்தான். சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். என்னைப் பார்த்ததும் ஹெல்மெட் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கினார்.

"சார், உங்க பஸ்ஸு எங்க ஊருக்கு வர்றதா உங்க கம்ப்யூட்டர் சொல்லுது. ஆனா பஸ்ஸு வர்றதில்ல. ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு கேட்டுப் போலாம்னு வந்தேன்."

அன்று அவர் கேட்ட கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒரே வரி. கம்ப்யூட்டர் சொல்வதுதான் பொய். அதைச் சொல்லி, பஸ்ஸை நிரந்தரமாக ஊருக்குள் அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்த ஒரே வரியைக் கம்ப்யூட்டரை ஒப்புக்கொள்ளச் செய்வதற்குள் ஒரு மழைக்காலம் வந்து ஊரையே மூழ்கடித்துவிட்டுப் போனது. இப்போது நினைத்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

எங்கள் கம்பெனி தேர்வாய் கண்டிகை தொழிற்பூங்காவில் இருக்கிறது. வண்டிகளுக்கு உள்ளே ஓடுகிற ஒயர்களைக் கட்டுகட்டாகச் சேர்த்துக் கொடுக்கிற வேலை. பெரும்பாலும் பெண்கள். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களுடைய அம்மாக்கள் நாற்று நட்ட வயல்களைத் தாண்டித்தான் இவர்கள் பஸ் ஏறி வருவார்கள். நான் மணவாள நகரிலிருந்து வருகிறவன். எந்த ஊருக்கு எந்த பஸ், எங்கே நிறுத்தம் என்று பார்ப்பது என் பொறுப்பு. பாஸ்டரம்மா சொன்ன ஊரின் பெயரை மாற்றி எழுதுகிறேன். அருள்புரம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பக்கத்து ஊர் வேப்பங்கண்டிகை. நடுவில் நெல்வயல், வயலுக்கு ஓரமாக ஒரு ஏரிக்கரை. வேப்பங்கண்டிகையில் நிலம் வைத்திருப்பவர்கள் இருந்தார்கள். அந்த நிலத்தில் ஒரு காலத்தில் கூலிக்குப் போனவர்கள் அருள்புரத்தில் இருந்தார்கள். வேப்பங்கண்டிகைக்காரர்கள் அருள்புரத்தைக் 'காலனி' என்றார்கள். காலனிக்காரர்கள் அதை அருள்புரம் என்றார்கள். பாதிக் குடும்பங்கள் கிறிஸ்தவர்கள், பாதி இந்துக்கள். 'அருள்' என்றால் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும் என்று எப்போதோ உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட பெயர். பாஸ்டரம்மாவின் கணவருக்கு அங்கிருந்த சின்ன சர்ச்சில் ஊழியம். அதனால் அவர்கள் அங்கே குடியிருந்தார்கள்.

பஸ் வேப்பங்கண்டிகைக் கோயில் தெருவில் நின்றது. அருள்புரத்துப் பெண்கள் காலை ஷிப்டுக்கு விடியுமுன் எழுந்து, ஏரிக்கரைமேல் நடந்து, அங்கே வந்து ஏற வேண்டும். பாம்பு, நாய், மழைக்காலத்தில் வழுக்கல். ஒரு வாரத்துக்கு முன்னால் பேக்கிங்கில் வேலை செய்கிற ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, கரையிலிருந்து சறுக்கி விழுந்து கை பிசகியிருந்தது. பாஸ்டரம்மாவைக் கிளப்பி அனுப்பியது அதுதான்.

நான் அன்றைக்கே டிரைவரிடம், நாளையிலிருந்து அருள்புரத்துக்குள் போய்த் திரும்புங்கள் என்று சொல்லிவிட்டேன். போனார். மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். திரையில் அந்த பஸ்ஸின் பாதை சிவப்பாக ஒளிர்ந்தது. வழி தவறிய வண்டி என்று அர்த்தம். வழி தவறிய வண்டிக்கு ஏதாவது ஆனால் காப்பீடு கிடைக்காது, பஸ் பழையபடி கோயில் தெருவிலேயே நிற்கட்டும் என்றார். அப்படியானால் நிறுத்தத்தை மாற்றலாமே என்றேன். மாற்றுங்கள் என்றார். மாற்றப் போனால் ஊர்ப் பட்டியலில் அருள்புரம் இருந்தது. அதைத் தட்டினால் பஸ் வேப்பங்கண்டிகைக் கோயில் தெருவுக்கே போய் நின்றது. இரண்டும் ஒரே ஊர் என்றது மென்பொருள். அந்த மென்பொருள் செய்த கம்பெனிக்குப் போன் போட்டேன். ஊர்ப்பெயர்களை நாங்கள் எழுதுவதில்லை சார், திறந்த தரவிலிருந்து தானாக வந்து விழுகிறது, அங்கே திருத்தினால் இங்கே திருந்திவிடும் என்றார்கள். அங்கே என்றால் எங்கே என்று கேட்டேன். வெப்பில் என்றார்கள்.

அது என்ன என்று எனக்குப் புரியவைத்தவர் பாஸ்டரம்மாதான். கல்யாணத்துக்கு முன்பு அவர் சென்னையில், நூலகங்களின் பழைய அட்டைகளைக் கணினியில் ஏற்றுகிற ஒரு நிறுவனத்தில் இருந்தவர். அவருக்கு இது ஊழியம் மாதிரி. எங்கள் பார்வையாளர் அறையில் உட்கார்ந்து, கொடுத்த டீயைத் தொடாமல் பேசிக்கொண்டே போனார். உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும், ஆற்றுக்கும், மனிதருக்கும், புத்தகத்துக்கும் வெப்பில் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் புதிதாகச் சேர்க்கலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு தளத்தில் இருக்கிற தகவல் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அடுத்த தளத்தின் தகவலோடு கோத்துக்கொள்ளும். அது இன்னொன்றோடு. முதலில் ஆராய்ச்சிக்காரர்களும் நூலகக்காரர்களும் மட்டும் செய்துகொண்டிருந்தார்களாம். பிறகு அது தானாகப் படர்ந்து, இன்று மேப், வானிலை, போனில் கேட்டால் பதில் சொல்கிற குரல், கூரியர், எங்கள் பஸ் என எல்லாமே எங்கோ ஓரிடத்தில் அதைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. இணைக்கப்பட்ட திறந்த தரவு என்று பெயர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. "நல்ல விஷயம் சார். இதவிட நல்ல விஷயம் கம்ப்யூட்டர்ல நடக்கல" என்றார். அடுத்த நிமிடமே போனை என் பக்கம் திருப்பினார். "ஆனா இத பாருங்க."

அருள்புரத்துக்கு அவரே ஓர் எண் வாங்கியிருந்தார். இடம் குறித்து, பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, சர்ச், பள்ளி எல்லாம் சேர்த்து முறையாகச் செய்திருந்தார். கொஞ்ச நாளில், எந்த தேசத்திலோ இருக்கிற ஒருவர் அதை வேப்பங்கண்டிகையோடு இணைத்துவிட்டார். ஒரே ஊருக்கு இரண்டு எண் இருக்கக்கூடாது என்பது அங்கே விதி. அதைத் தேடித் தேடிச் சரிசெய்வதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உண்டாம். அந்த நிமிடத்திலிருந்து 'அருள்புரம்' என்பது வேப்பங்கண்டிகையின் இன்னொரு பெயர் ஆகிவிட்டது. அந்தத் தவறு எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தளமாகப் போய் எங்கள் பஸ்ஸின் ஸ்டீயரிங் வரைக்கும் வந்துவிட்டது.

பாஸ்டரம்மா அந்த மனிதருக்கு எழுதினார். அவர் உடனே பதில் போட்டார். மரியாதையான பதில். இரண்டுக்கும் பின்கோடு ஒன்று, பஞ்சாயத்து ஒன்று, இடைவெளியும் ரொம்பக் குறைவு, தனி ஊர் என்பதற்கு அச்சில் வந்த ஆதாரம் ஏதாவது இருந்தால் சந்தோஷமாகப் பிரித்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "கெட்டவனா இருந்தா சண்ட போட்டுடலாம் சார். நல்லவனா கீறான். அதான் பேஜாரு" என்றார். பொதுவாகத் திருத்தமாகப் பேசுகிறவர், கோபம் வந்தால் மட்டும் ஊர்ப் பேச்சுக்கு வந்துவிடுவார்.

ஆதாரம் தேடக் கிளம்பினோம். கிளம்பினோம் என்று சொல்கிறேன், என் வேலை பஸ் நிறுத்தம் மட்டும்தான். ஆனால் பாஸ்டரம்மா ஒருவரை ஒரு காரியத்தில் சேர்த்துக்கொண்டால் விடமாட்டார். காலை நாஷ்டாவுக்கு உட்காரும்போது போன் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு படம் அனுப்புவார். என் மனைவி, யார் இந்த பாஸ்டரம்மா, நீங்கள் மதம் மாறப் போகிறீர்களா என்று கேட்கிற அளவுக்குப் போனது. ரேஷன் கடைப் பலகையைப் படம் எடுத்தார். அதில் 'வேப்பங்கண்டிகை, பகுதி இரண்டு' என்று இருந்தது. அரசுப் பள்ளியின் பலகையிலும் வேப்பங்கண்டிகைதான். தண்ணீர்த் தொட்டியிலும் அதுவே. அருள்புரம் என்று எழுதியிருந்த பலகை ஒன்றே ஒன்று, சர்ச்சின் பலகை. அதை அனுப்பினால், நீங்களே எழுதி மாட்டியது ஆதாரம் ஆகாது என்று பதில் வந்தது. அந்த மனிதர் மறுபடியும் வருத்தம் தெரிவித்திருந்தார்.

வேப்பங்கண்டிகையில் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் ஒருவர் இருந்தார். நெல், டிராக்டர், ரைஸ்மில் எல்லாம் வைத்திருக்கிற குடும்பம். அவர் வாயால் இரண்டு ஊர் என்று ஒரு கூட்டத்தில் சொல்லி, அது ஏதாவது பத்திரிகையில் வந்தால் போதும் என்று பாஸ்டரம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவர் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். ஆந்திரா எல்லைப் பக்கத்துப் பேச்சு. என்னை நைனா என்றே கூப்பிட்டார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஊர் என்று கம்ப்யூட்டரே சொல்லும்போது அதை ஏன் பிரிக்க வேண்டும், ஒற்றுமையாக இருக்கட்டுமே என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பாஸ்டரம்மா மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "திருவிழாவுல சாமி ஊர்வலம் எங்க ஊருக்குள்ள வராம ஏரிக்கரையோட திரும்பிடுது. அப்ப ரெண்டு ஊரு. கம்ப்யூட்டர்ல மட்டும் ஒரே ஊரா?"

தலைவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. ஸ்கூட்டி பின்னால் உட்கார்ந்து திரும்பி வரும்போது, உதவி கேட்கப் போன இடத்தில் இப்படியா பேசுவது என்று நான் கடிந்துகொண்டேன். உதவி கேட்கத்தான் போனேன், பொய் சொல்லப் போகவில்லை என்றார். அவரோடு ஒரு காரியம் பார்ப்பது எனக்கு அவ்வளவு எளிதாக இருந்ததில்லை.

தவறு நாளுக்கு நாள் கொழுத்தது. போனில் அருள்புரம் என்று தேடினால் வேப்பங்கண்டிகைக் கோயில் கோபுரத்தின் படம் வந்தது. கூரியர் பையன்கள் பொட்டலத்தைக் கோயில் தெரு மளிகைக் கடையில் போட்டுவிட்டு, கொடுத்தாயிற்று என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஒருமுறை அருள்புரம் சர்ச்சில் கல்யாணம். திருவள்ளூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தவர்கள் மேப்பைப் பார்த்துக்கொண்டே வந்து கோயில் மண்டபத்தில் இறங்கிவிட்டார்கள். அங்கே வேறு ஏதோ விசேஷம். வாசலில் நின்றவர்கள் பன்னீர் தெளித்து உள்ளே அழைத்து உட்காரவும் வைத்துவிட்டார்கள். இங்கே பாஸ்டர் அங்கியோடு நிற்க, பெண் பக்கம் அழ ஆரம்பித்துவிட்டதாம். இதைச் சொல்லும்போது பாஸ்டரம்மா முதலில் சிரித்தார். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இல்லை. இன்றைக்குக் கல்யாணம், பரவாயில்லை; நாளைக்கு யாருக்காவது நெஞ்சு வலித்தால் வண்டி எங்கே போய் நிற்கும் என்று கேட்டார். நான் கவலைப்படாதீர்கள் என்றேன். 

அந்த ஆண்டு மழை கார்த்திகையில் கொட்டியது. இரண்டு நாள் விடாமல் பெய்து, ஏரி நிரம்பி, மதகுப் பக்கம் கரை உடைத்துக்கொண்டது. வேப்பங்கண்டிகை மேட்டில் இருக்கிற ஊர். அங்கே தெருவில் செருப்பு நனைகிற அளவுதான். அருள்புரம் பள்ளம். வயலும் தெருவும் ஒன்றாகி, வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். எங்கள் கம்பெனியில் வேலை நின்றுபோய், நானும் இன்னும் சிலரும் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தோம். மத்தியானம் பாஸ்டரம்மா கூப்பிட்டார். எல்லாரும் சர்ச்சு மாடியில் இருப்பதாகவும், குடிக்கத் தண்ணீர் இல்லை என்றும் சொன்னார். பேக்கிங்கில் இருக்கிறாளே அந்தப் பெண், அவள் குழந்தைக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், பால் இல்லை என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளத்துக்கு உதவ இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு வலைத்தளம் நடத்தினார்கள். எந்த ஊரில் தண்ணீர், எங்கே படகு போயிற்று, எங்கே போகவில்லை என்று மேப்பில் காட்டும். நல்ல பிள்ளைகள், தூங்காமல் வேலை செய்தவர்கள். அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து அருள்புரம் என்றேன். அந்தப் பக்கம் ஒரு பையன் தட்டிப் பார்த்தான்.

"சார், அந்த ஊர் முடிஞ்சிடுச்சு. காலைலயே படகு போய் சாப்பாடு குடுத்தாச்சு. பச்சை காட்டுது."

இல்லை தம்பி, அது வேப்பங்கண்டிகை, இது வேறு ஊர் என்றேன். இரண்டும் ஒரே எண் சார் என்றான். நான் அந்த ஊருக்கு பஸ் விடுகிறவன், எனக்குத் தெரியும் என்றேன். அவனுக்கு என் மேல் சந்தேகம் இல்லை. ஆனால் சிவப்பாக இருக்கிற ஊர்களே நிறைய இருக்கின்றன, பச்சையாக இருக்கிற ஊருக்கு மறுபடி படகு அனுப்பச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அவனைத் திட்டவும் முடியவில்லை. போனை வைத்துவிட்டு மேசையை அடித்தேன். கை வலித்ததுதான் மிச்சம். தண்ணீர் நடுவில் ஒரு ஊரே மாடியில் நிற்கிறது. யாரோ ஒருவருடைய சுத்தம் பார்க்கிற பழக்கத்தால் அது பச்சையாக இருக்கிறது.

வேறு வழி தெரியாமல் முன்னாள் தலைவருக்குப் போன் செய்தேன். எடுத்தவுடனே அவர்தான் கத்தினார். "இன்னா நைனா இது. எங்க ஊருக்குப் படகு எதுக்கு? தண்ணியே இல்ல. டிராக்டர்ல கொணாந்து எறக்கிட்டு, கோயில் மண்டபம் பூரா சோத்துப் பொட்டலமும் பால் பாக்கெட்டும் போட்டுட்டுப் பூட்டாங்க. யார் தின்றது?" படகை ரோட்டில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்களாம். அது ஏன் அங்கே வந்தது என்று நான் சொன்னேன். பொட்டலத்தையெல்லாம் டிராக்டரில் ஏற்று என்று அவர் மகனைக் கூப்பிட்டுச் சொன்னது கேட்டது. பிறகு, நீ வா, நான் வண்டி எடுக்கிறேன் என்றார்.

கம்பெனி பஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, வழி தவறினால் தவறட்டும் என்று டிரைவரும் நானும் கிளம்பினோம். சுற்றிச் சுற்றி வேப்பங்கண்டிகை போய்ச் சேர்ந்தபோது அவர் டிராக்டரில் பொட்டலங்கள் ஏறியிருந்தன. அவரே ஓட்டினார். மகனை ஓட்ட விடவில்லை. வயலில் எங்கே வரப்பு, எங்கே கிணறு என்று தண்ணீருக்கு அடியிலும் அவருக்குத் தெரிந்தது. நான் டிரெய்லரில் பால் பாக்கெட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அருள்புரத்துக்கு அவர் அந்த வழியாகப் போய் ரொம்ப வருஷம் ஆயிற்றாம். போகும்போது அதை மட்டும் சொன்னார்.

சர்ச்சுக்கு முன்னால் பாஸ்டரம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். எங்களைப் பார்த்து அழவில்லை, கும்பிடவில்லை. முதலில் பாலைக் கேட்டார். அந்தக் குழந்தையையும் அதன் அம்மாவையும் டிராக்டரில் ஏற்றினோம். அவளுக்குப் பிசகிய கை இன்னும் சரியாகவில்லை; ஒரு கையால் குழந்தையையும் மறு முழங்கையால் டிரெய்லர் கம்பியையும் அணைத்துக்கொண்டு வந்தாள். பொன்னேரி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பிடியை விடவில்லை. குழந்தை பிழைத்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சிரமம் என்று டாக்டர் சொன்னதை அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. ஆடுகள் போயின. வீடுகளில் இருந்த அரிசி போயிற்று. ஆள் ஒருவரும் சாகவில்லை என்பதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டோம்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். உதவி வராத ஊர் என்று படத்தோடு பெரிதாக எழுதினார். முன்னாள் தலைவர் அதில், அருள்புரம் வேறு ஊர், வேப்பங்கண்டிகை வேறு ஊர், படகு வந்தது தப்பான ஊருக்கு என்று சொல்லியிருந்தார். யாரும் கேட்காமல் அவராகச் சொன்னது. அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. திருவிழா ஊர்வலம் இன்றும் ஏரிக்கரையோடுதான் திரும்புகிறது.

அந்தச் செய்தியை பாஸ்டரம்மா வெப்பில் ஆதாரமாகக் கொடுத்தார். அன்று மாலையே அந்த தூரதேசத்து மனிதர் இரண்டு ஊரையும் பிரித்துவிட்டார். இப்படி ஒரு நல்ல ஆதாரத்துக்காகத்தான் காத்திருந்தேன், உங்கள் பொறுமைக்கு நன்றி என்று எழுதியிருந்தார். சேறு பூசிய சர்ச்சுக்குள் பெஞ்சுகளைக் கழுவிக்கொண்டிருந்த இடத்தில் பாஸ்டரம்மா அதை எனக்குக் காட்டினார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த துடைப்பத்தை வைத்துவிட்டு ஈரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"முழுகுனாத்தான் பேரு குடுப்பாங்களா சார்?"

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்தார். இதில் இன்னொன்று இருக்கிறது பாருங்கள் என்றார். தவறு எந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பரவியதோ அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு சரியும் பரவும். யாரும் தடுக்க முடியாது. அதற்காகத்தான் நான் இதை விடுவதில்லை என்றார். அப்படியே நடந்தது. ஆனால் அவர் சொன்ன வேகத்தில் நடக்கவில்லை. மேப்பில் முதலில் மாறியது. பிறகு வானிலை. பழைய நகலை எடுத்து வைத்துக்கொண்டிருந்த தளங்கள் பழையதையே சொல்லிக்கொண்டிருந்தன. எங்கள் பஸ் மென்பொருளுக்கு அது வந்து சேர மாதங்கள் ஆயின. நடுவில் எத்தனை தடவை போன் செய்தேன் என்று எனக்கும் அந்தக் கம்பெனியில் போன் எடுக்கிற பெண்ணுக்கும்தான் தெரியும். கடைசியில் ஒரு நாள் காலை, ஊர்ப் பட்டியலில் அருள்புரத்தைத் தட்டினால் பஸ் அருள்புரத்தில் போய் நின்றது. பேக்கிங் பெண், என் வீட்டு வாசலிலேயே ஏறினேன் சார் என்று கேண்டீனில் வந்து சொல்லிவிட்டுப் போனாள். பாஸ்டரம்மாவிடம் சொல்லலாம் என்று போன் எடுத்தேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பஸ் வந்ததை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அடுத்த வருஷம் பாஸ்டருக்கு மாற்றல் வந்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்கள். சாமான் ஏற்றிய வண்டி கிளம்புவதற்கு முன்னால், என் போனை வாங்கி, ஊர்களுக்கு எண் கொடுக்கிற அந்தத் தளத்தில் என் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினார். எனக்கு எதற்கு இது என்றேன். இருக்கட்டும் என்றார். போன இடத்திலும் சும்மா இல்லை. அங்கே ஓர் ஏரிக்கு மூன்று பெயர் இருக்கிறதாம், ஒரு பெயரை வைத்துக்கொண்டு இரண்டை யாரோ அழித்துவிட்டார்களாம். எப்போதாவது போன் செய்தால் அதைப் பற்றியே பேசுகிறார். எங்கள் நலம் விசாரிப்பதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது.

சில வருஷம் கழித்து, போன வாரம் காலையில் என் கணக்குக்கு ஓர் அறிவிப்பு வந்தது. இந்த முறை மனிதர்கூட இல்லை. தானாக ஓடுகிற ஏதோ ஒரு நிரல், சந்தேகத்துக்குரிய இரட்டை எண்களைத் தேடிப் பிடிக்கிறதாம். அருள்புரம், வேப்பங்கண்டிகை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்கோடு ஒன்று, பஞ்சாயத்து ஒன்று, இவை ஒரே ஊரா என்று கேட்டிருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கிப் போட்டிருப்பேன். பாஸ்டரம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. "நீங்களே பாருங்க சார். நான் இங்க ஏரில கீறேன்."

'இல்லை' என்பதைத் தட்டினேன். எப்படித் தெரியும் என்று கேட்டது. நான் அங்கே போயிருக்கிறேன் என்று எழுதினேன். அது ஆதாரமாகாது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. எழுதியதை அழித்துவிட்டு, பழைய செய்தியின் இணைப்பைத் தேடி எடுத்து ஒட்டினேன். பரிசீலனையில் இருக்கிறது, காத்திருக்கவும் என்றது. அந்த நேரத்தில் பகல் ஷிப்டு பஸ்ஸின் டிரைவர் போன் செய்தார். பேக்கிங் பெண் இன்னும் வரவில்லை, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருக்கிறாளாம், நிற்கவா போகவா என்று கேட்டார். எங்கே நிற்கிறீர்கள் என்றேன்.

"அருள்புரத்துல சார். வேற எங்க."

நிற்கச் சொன்னேன்.